அண்ணி, கொஞ்சம் கீழ பாருங்க

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தான் எடுத்த ஒவ்வொரு போட்டோவின் முதுகிலும் ஊதா மையில் தன் பெயரை ரப்பர் ஸ்டாம்பால் குத்தி வைத்தவர் அவர். எங்கள் ஏலாக்குறிச்சியிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் எத்தனை சுவர்களில், எத்தனை டிரங்குப் பெட்டிகளில் அந்தப் பெயர் கிடக்கிறதோ தெரியாது. என் பங்குக்கு நானும் ஒரு தடவை குத்த வேண்டாம். என் அப்பாவின் தம்பி. சித்தப்பா என்று மட்டும் சொல்கிறேன். அதுவும் வேறு வழியில்லாமல்தான்.

அரியலூரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. போட்டோ பிடிப்பது அவருக்குத் தொழில் இல்லை, பித்து. யாரிடமும் காசு வாங்கியதில்லை. ஊரில் இதைப் பெரிய குணமாகச் சொல்வார்கள். காசு வாங்கியிருந்தால் பிடிக்காத படத்தைத் திருப்பிக் கொடுக்கவாவது ஒரு வழி இருந்திருக்கும். இனாமாக வந்ததை யார் குறை சொல்வார்கள்?

அவர் நம் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். மூக்கைப் பார்த்துப் பேசுவார், அல்லது கன்னத்தை. ஒரு கண்ணை லேசாகச் சுருக்கிக்கொண்டு, சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிச் சொத்தை தேடுவதைப் போலத் தேடுவார். நான் பத்தாவது பாஸ் பண்ணிய சேதியைச் சொன்னபோதும் அப்படித்தான் பார்த்தார். "நெத்தி கொஞ்சம் ஏறு நெத்தி. முடிய முன்னால எறக்கி வாரு" என்றார். மார்க் எவ்வளவு என்று கேட்கவில்லை.

காதிடுக்கில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். தீப்பெட்டியின் உரசும் பக்கத்தில் தேய்த்துத் தேய்த்து அதை ஊசியாக வைத்திருப்பார். ஆபீஸில் எழுதுவதற்கான பென்சில் அல்ல அது. நாங்கள் எல்லாரும் சேர்ந்திருந்த வீட்டில் நெல் மூட்டை போடும் அறையைச் சாக்கால் மூடி இருட்டாக்கி, அதை அவருடைய அறையாக்கிக்கொண்டார். மூட்டைகள் கூடத்துக்கு வந்தன. நாங்கள் மூட்டைகளுக்கு நடுவில் படுத்தோம். அங்கே உட்கார்ந்து நெகட்டிவைக் கண்ணாடியில் வைத்து, பின்னால் விளக்கு வைத்து, அந்தப் பென்சிலால் முகங்களைத் திருத்துவார். அம்மைத் தழும்பு, மரு, கண்ணுக்குக் கீழே கருவளையம், பிளந்த உதடு எல்லாம் அங்கே போனால் காணாமல் போகும். பிளேடு முனையால் சுரண்டுவதும் உண்டு. சுரண்டினால் அந்த இடம் படத்தில் கறுக்கும், பென்சில் வைத்தால் வெளுக்கும் என்று யாரும் கேட்காவிட்டாலும் விளக்குவார்.

"இருக்கறத அப்புடியே எடுக்கக் கேமரா எதுக்கு? கண்ணு போதாதா?" என்பது அவர் அடிக்கடி சொல்வது. இதைச் சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார்.

ஊர் அவரைக் கொண்டாடியது. அதையும் சொல்லத்தான் வேண்டும். மாதா கோயில் உபதேசியாருக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. சித்தப்பா எடுத்துக் கொடுத்த படத்தில் முகம் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி இருந்தது. அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ஏதோ விண்ணப்பத்துக்கு அதையே ஒட்டி அனுப்ப, இது வேறு ஆள் படம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உபதேசியாருக்கு அதில் வருத்தமே இல்லை. ஆபீஸ்காரனுக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இன்னொன்று, குவாரி. அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்கள் உண்டு. உச்சி வெயிலில் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினால் நாலா பக்கமும் வெள்ளைச் சுவரிலிருந்து வெளிச்சம் அடிக்கும். ஆளுக்கு நிழலே விழாது. சித்தப்பா அதைக் கண்டுபிடித்ததில் தலைகால் புரியாமல் திரிந்தார். கீழப்பழுவூரில் கல்யாணமான ஒரு ஜோடியைப் பட்டுப் புடவையும் மாலையுமாக அந்தப் பள்ளத்தில் இறக்கிவிட்டார். பெண் கறுப்பு. கறுப்பு போகும்வரை நிறுத்தி வைத்தார். அவள் மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பிவிட்டு, ஈரம் காயும் முன்னால் இன்னும் ஒன்று எடுத்தார், ஈரத்தில் கன்னம் பளபளக்கிறதாம். படம் வந்தபோது மாமியார் அசந்துபோனாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் பெண்ணைவிடப் படத்துக்குத்தான் மரியாதை என்று கேள்விப்பட்டேன்.

என் அம்மாவுக்கு மாறுகண். எப்போதும் தெரியாது. சிரித்தால், அல்லது ரொம்பக் களைத்திருந்தால், இடது கண் லேசாக வெளிப்பக்கம் ஒதுங்கும். எனக்கு அது அம்மாவின் சிரிப்பில் ஒரு பாகம். உதடு சிரிப்பதற்கு முன்னால் கண் சிரிக்கக் கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

சித்தப்பாவுக்கு அது சொத்தை. ஆனால் அண்ணியிடம் நேரடியாகச் சொல்ல மரியாதை தடுத்தது. அதனால் ஒரு வாசகம் வைத்திருந்தார். குடும்பத்தோடு நிற்க வைத்து எடுக்கும்போதெல்லாம், கேமராவுக்குள் குனிந்தபடியே, "அண்ணி, கொஞ்சம் கீழ பாருங்க" என்பார். சில சமயம் மடியில் ஒரு குழந்தையைக் கொடுத்து அதைப் பார்க்கச் சொல்வார். பூசையில் முதல் தடவை நன்மை வாங்கிய என் புதுநன்மைப் படத்தில் அம்மா என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அத்தை கல்யாணத்தில் தாம்பாளத்தைப் பார்க்கிறாள். நாலு வருஷம் இப்படிப் போனபின் அவர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. கேமராவைக் கண்டதும் தலை தானாகக் குனிந்துகொண்டது. பிறகு கேமரா இல்லாதபோதும், புது மனிதர் யாராவது பேசினால், அம்மா தரையைப் பார்த்துப் பதில் சொன்னாள். ஊரில் அடக்கமான பொம்பளை என்றார்கள்.

இதில் வேடிக்கை, அந்த வீட்டில் அதிகமாகப் படம் எடுக்கப்பட்டவள் அம்மாதான். பெரிய மனிதர்கள் யாராவது படம் எடுத்துக்கொள்ள வந்தால், அவர்கள் உட்காருவதற்கு முன்னால் வெளிச்சம் சரி பார்க்க வேண்டும். அதற்கு ஒரு முகம் வேண்டும். "அண்ணிய வரச் சொல்லு" என்பார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்காருவாள். பல்பை இந்தப் பக்கம் வைப்பார், அந்தப் பக்கம் வைப்பார். எங்கள் ஊர்க் கரண்டுக்குப் பல்பு சில நேரம் பூசணிப்பூ மாதிரி எரியும். வோல்டேஜ் ஏறும்வரை அம்மா உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் படத்தை அவளை வைத்து எடுத்துப் பார்ப்பார். அப்புறம் "சரி, எந்திரிங்க" என்பார். அம்மா எழுந்துபோவாள். நாற்காலியின் அந்தச் சூட்டில் வந்தவர் உட்காருவார்.

சோதனைப் படம் என்பதால் அம்மாவைக் கீழே பார்க்கச் சொல்ல மாட்டார். யார் பார்க்கப் போகிறார்கள்?

அந்த நெகட்டிவிலிருந்து முதலில் ஒரு துண்டுக் காகிதத்தில் அடித்துப் பார்ப்பார். காகிதத்தை அட்டையால் மூடி, கொஞ்சம் கொஞ்சமாக அட்டையை நகர்த்தினால், ஒரே முகத்தில் வெளுப்பிலிருந்து கறுப்புவரை பட்டை பட்டையாக விழும். எந்தப் பட்டை சரி என்று பார்த்துக்கொண்டு துண்டை எறிந்துவிடுவார். டெஸ்ட்டு என்பார் அதை. படம் நிலைக்க ஹைப்போ என்று ஒரு மருந்து. நல்ல படங்களை அதில் ஊறவைத்து, கிணற்றுத் தண்ணீரை மாற்றி மாற்றி அலசுவார். தண்ணீர் இறைத்துக் கொடுப்பது அம்மா. டெஸ்ட்டுத் துண்டுக்கு அந்த யோகமெல்லாம் இல்லை. மருந்தில் ஒரு முக்கு, அவ்வளவுதான். மறுநாள் காலையில் அந்த அறையைப் பெருக்கி, தன் முகங்களை அள்ளிக்கொண்டுபோய் அம்மாவே எருக்குழியில் கொட்டுவாள்.

ஒருநாள் அவருடைய ஆபீசர் குடும்பத்தோடு வருவதாக இருந்தது. அன்று பகல் வெளிச்சம். முற்றத்துக் கொடியில் சலவை வேட்டி ஒன்றைக் கட்டி, வெயிலை அதில் திருப்பி முகத்தில் விழவைக்கிற ஏற்பாடு. அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். சித்தப்பா கேமராவுக்குள் குனிந்திருக்கிறார். பின்னாலிருந்து எங்கள் ஆடு வந்து வேட்டியின் முனையை வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தது. அவருக்குத் தெரியவில்லை. வெளிச்சம் ஆடுகிறது, ஆடாம இருங்க அண்ணி என்கிறார். அம்மாவால் தாங்க முடியவில்லை. அப்படி ஒரு சிரிப்பு. அந்த நேரத்தில் அவர் அமுக்கிவிட்டார். அப்புறம் திரும்பிப் பார்த்து, ஆட்டை விரட்டி, அம்மாவைப் பார்த்துக் கத்தினார். ஒரு படம் வீணாகிவிட்டதாம்.

பிறகு ஒரு சூரிய கிரகணம் வந்தது. அம்மாவுடைய நெகட்டிவ்கள் என்ன ஆயின என்று அன்றுதான் தெரிந்தது. நான் திருச்சியில் டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தேன், லீவுக்கு வந்திருந்தேன். வெறும் கண்ணால் சூரியனைப் பார்த்தால் பார்வை போய்விடும் என்று எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, சித்தப்பா தெருவில் நின்று பிள்ளைகளுக்கு நெகட்டிவ் வினியோகம் செய்தார். நன்றாகக் கறுத்த நெகட்டிவாக இருந்தால்தான் கண் கூசாது. வெளிச்சம் கூடிப்போய்க் கறுத்தவை எல்லாம் சோதனைப் படங்கள்தான். எனக்கும் ஒன்று வந்தது. தூக்கிப் பிடித்தேன். கறுத்த முகம், வெளுத்த முடி, நெற்றிக்கு நடுவில் கடிபட்ட சூரியன். அம்மா.

தெருவே நின்று என் அம்மாவின் முகத்தின் வழியாகச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா வாசல்படிவரை வந்தாள். ஒரு பையன் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள்.

"ஏன் தம்பி, எம் மூஞ்சிய வச்சிக்கிட்டா எல்லாம் சூரியனப் பாக்குறீங்க?" என்று சித்தப்பாவிடம் கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். தரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள்.

"அது வீணாப்போனது அண்ணி. இதுக்காவது ஆவட்டுமே" என்றார் அவர்.

கிரகணம் முடிந்தது. நெகட்டிவ்கள் தெருவில் மிதிபட்டன. கொஞ்ச நாள் பிள்ளைகள் அவற்றைச் சுருட்டிப் பீப்பீ ஊதினார்கள்.

அம்மா செத்தது காய்ச்சலில். நான் மீன்சுருட்டியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தந்தி கிடைத்து, பஸ் மாறிப் பஸ் மாறி வந்து சேர்வதற்குள் சவப்பெட்டியை மூடியிருந்தார்கள். உடம்பு தாங்காது என்று சொன்னார்கள். அதனால் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அம்மாவின் கண் தெரிகிற ஒரு படம். வீட்டிலிருந்த படங்களை எல்லாம் கவிழ்த்துக் கொட்டினேன். எல்லாவற்றிலும் உச்சி வகிடு தெரிந்தது, இமை தெரிந்தது.

முப்பதாம் நாள் பூசைக்குச் சித்தப்பா சட்டம் போட்ட பெரிய படம் ஒன்றைக் கொண்டுவந்தார். அம்மா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடியிருந்தவர்கள் அழுதார்கள். உயிரோடு இருப்பது மாதிரியே இருக்கிறது என்றார்கள். அப்பா தம்பியைக் கட்டிக்கொண்டார். அத்தை கல்யாணப் படத்திலிருந்து அம்மாவின் தலையை வெட்டியெடுத்து, கண்ணை மட்டும் வேறு படத்திலிருந்து ஒட்டி, ஒட்டுத் தெரியாமல் தூரிகையால் தடவி, திரும்பப் படம் பிடித்ததை அவரே எல்லாருக்கும் விளக்கினார். எத்தனை நாள் வேலை என்றும் சொன்னார். எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க உடம்பு கூசியது. அம்மாவின் நெற்றிக்குக் கீழே யாரோ ஒரு பொம்பளை உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

யார் என்று சித்தி சொன்னாள். சித்தப்பாவின் மனைவி. சாப்பாட்டுப் பந்தி முடிந்து அடுப்படியில் பாத்திரம் ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தோம். சித்தி கூடத்துப் பக்கமே வரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"அது எங் கண்ணும்மா" என்றாள். "எங்க கல்யாணப் படத்துலேருந்து வெட்டிக்கிட்டாரு. ஒரு வார்த்த கேக்கல. அக்காவக் கும்புடப் போனா நானே என்னய மொறச்சிப் பாக்கறாப்ல இருக்கு."

புடவைகளைக் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுக்க அம்மாவின் டிரங்குப் பெட்டியை நான்தான் திறந்தேன். கல்யாணப் புடவையை உதறியபோது மடிப்பிலிருந்து ஒரு துண்டு விழுந்தது. இரண்டு விரல் அகலம். மேலே நெற்றி வெளுத்துப் போயிருந்தது. அதற்குக் கீழே பட்டை பட்டையாகக் கறுத்துக்கொண்டே வந்து தாடை கரிக்கட்டையாக இருந்தது. நடுவில் ஒரே ஒரு பட்டை சரியாக விழுந்திருந்தது. அந்தப் பட்டையில் கண்கள் இருந்தன. ஆடு வேட்டியைத் தின்ற அன்றைய சிரிப்பு. இடது கண் ஒதுங்கிப் போயிருந்தது.

எருக்குழிக்குக் கொண்டுபோனவற்றில் இந்த ஒன்றை மட்டும் அம்மா கொட்டவில்லை. தன் முகம் அவளுக்கும் வேண்டியிருந்திருக்கிறது. அன்று நான் அழுத மாதிரி அதற்கு முன்னும் அழுததில்லை, பின்னும் அழுததில்லை.

வெளிச்சத்துக்கு வந்தபின் துண்டு பழுக்க ஆரம்பித்தது. மருந்தில் சரியாக ஊறாத காகிதம் அப்படித்தான் ஆகுமாம். ஓரத்திலிருந்து தேயிலைக் கறை மாதிரி ஏறி வந்தது. ஜெயங்கொண்டத்தில் ஒரு ஸ்டூடியோக்காரரிடம் காட்டினேன். கண்ணுக்குக் கறை எட்டுவதற்குள் இதைப் பார்த்து இன்னொரு படம் பிடித்துவிட வேண்டும், இவ்வளவு சின்னத் துண்டில் தன்னால் முடியாது என்றார். இந்த மாதிரி நுணுக்க வேலை தெரிந்தவர் ஒருத்தர் பெரம்பலூரில் இருக்கிறார் என்று சொல்லி, சித்தப்பாவின் பெயரைச் சொன்னார்.

அவர் மாற்றலாகிப் பெரம்பலூர் போய் அங்கேயே வீடு கட்டியிருந்தார். முப்பதாம் நாளுக்கு அப்புறம் நான் அவரோடு பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். வாசலில் கதவைத் திறந்தவர், என்னை வா என்பதற்கு முன்னால் என் கன்னத்தைப் பார்த்தார். "வெயில்ல அலையிற போலருக்கு" என்றார். தலை நரைத்துவிட்டது. பென்சில் அதே இடத்தில் இருந்தது.

ஒரு பழைய துண்டு, இதைப் பார்த்து இருப்பது இருக்கிறபடி ஒரு படம் பிடித்துத் தர வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் போனார். துண்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். முகம் மலர்ந்துபோயிற்று.

"இது நான் அடிச்சதாச்சே. மூணாவது பட்ட பாரு, என்னா எக்ஸ்போஷர். கண்ணுக்குள்ள வெள்ளையா ஒரு சதுரம் தெரியுதா? அது வேட்டி. கொடியில வேட்டி கட்டித் திருப்புன வெளிச்சம். அந்த வேட்டியக்கூட ஒரு ஆடு தின்னுப்புடுச்சு" என்று சிரித்தார்.

நான் காத்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் தெரிந்தது, வேட்டி தெரிந்தது, ஆடும் நினைவிருந்தது.

"ஆமா, யாரு இது?" என்றார்.

காபி கொண்டுவந்த சித்தி அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்தாள். "அக்கா" என்றாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"அட, அண்ணியா?" அவர் துண்டை இன்னும் கிட்டத்தில் பிடித்தார். ஒரு கண்ணைச் சுருக்கினார். "அதான பாத்தேன், எடது கண்ணு ஒதுங்கி நிக்கிது. பரவால்ல, நேராக்கிப்புடலாம்." வலது கை காதுக்குப் போயிற்று.

வெகுநாளாகச் சேர்த்து வைத்திருந்த கோபம் அப்போது என் வார்த்தையாக வரவில்லை. வந்தது அவருடைய வார்த்தைதான்.

"சித்தப்பா, கொஞ்சம் கீழ பாருங்க" என்றேன்.

என்னவோ ஏதோ என்று அவர் உடனே குனிந்து தரையைப் பார்த்தார். அவர் நிமிர்வதற்குள் துண்டை அவர் விரலிலிருந்து உருவிக்கொண்டு நான் தெருவுக்கு வந்துவிட்டேன்.